மொழிப் பரீட்சையில ஒரு தடவை கோட்டை விட்டா எவ்வளவு நஷ்டம்? வெளிநாடு போற நர்ஸ்களுக்கான கணக்கு



தனியார் மருத்துவமனையில மாசம் 20,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிற ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வெளிநாடு போக முடிவு பண்ணினதும் முதல்ல கேட்கிற கேள்வி, "மொத்தம் எவ்வளவு செலவாகும்?" விசா, டிக்கெட், ஏஜென்ட் ஃபீஸ்னு ஒரு லிஸ்ட் ரெடி ஆகும். அதுல கடைசி வரியில சின்னதா "மொழிப் பரீட்சை"ன்னு இருக்கும்.

அந்தக் கடைசி வரிதான் உங்க பணத்தையும் நேரத்தையும் அதிகமா தின்னக்கூடியது. எப்படின்னு பார்க்கலாம் வாங்க. நீங்க நர்ஸ் இல்லன்னாலும் உங்க வீட்டுலயோ நண்பர்கள்லயோ ஒருத்தர் இந்த முடிவை எடுக்கப் போறாங்க, அவங்களுக்காகப் படிங்க.

எந்த நாடு என்ன கேட்குது?

பிரிட்டன்ல நர்ஸா பதிவு பண்ண என்எம்சி கவுன்சில் ரெண்டு பரீட்சைகளை ஏத்துக்குது. ஒண்ணு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக். கேட்டல், படித்தல், பேசுதல் மூணுலயும் 7, எழுதுதல்ல 6.5 வேணும். இன்னொண்ணு மருத்துவத் துறைக்குன்னே இருக்கிற ஓஇடி. இதுல முதல் மூணு பகுதிக்கும் பி கிரேடு, எழுதுதலுக்கு சி பிளஸ்.

ஜெர்மனியில கதையே வேற. அங்கே நர்ஸா முழு அங்கீகாரம் கிடைக்கப் பெரும்பாலான மாநிலங்கள்ல ஜெர்மன் பி2 நிலை தேவை. டாக்டர்களுக்கு அதுக்கும் மேல ஒரு மருத்துவ மொழித் தேர்வு இருக்கு. நோயாளிகிட்ட விசாரிக்கணும், அதை அறிக்கையா எழுதணும், இன்னொரு டாக்டருக்கு விளக்கணும். ஒவ்வொண்ணுக்கும் 20 நிமிஷம்.

உண்மையான செலவு எது?

ஓஇடி கட்டணம் மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல. "இன்னொரு தடவை எழுதினா 30,000 போச்சே"ன்னுதான் எல்லாரும் கவலைப்படுறாங்க. ஆனா அது சின்ன நஷ்டம்.

பிரிட்டன் அரசு மருத்துவமனையில பேண்ட் 5 நர்ஸோட ஆரம்பச் சம்பளம் 2025-26இல் வருஷத்துக்கு 31,049 பவுண்டு. வரி, வாடகை, சாப்பாடு எல்லாம் போக மாசம் 500 பவுண்டு மிச்சம் பண்றீங்கன்னு ஒரு உதாரணத்துக்கு வச்சுப்போம். ஒரு பவுண்டு 110 ரூபாய்னு குறைச்சே போட்டாலும் 55,000 ரூபாய். இங்கே இப்போ மாசம் 5,000 சேமிக்கிறீங்கன்னா, வித்தியாசம் 50,000.

பரீட்சை கை நழுவி பயணம் 3 மாசம் தள்ளிப்போனா? 1,50,000 ரூபாய். பரீட்சைக் கட்டணத்தைப் போல 5 மடங்கு! அதனால "கோச்சிங்குக்கு 15,000 செலவு பண்ணலாமா"ன்னு யோசிக்கிறதை விட, "தயாராகாம அவசரப்பட்டு எழுதலாமா"ன்னு யோசிங்க.

ஜெர்மனி ஆசையில இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "பி1 போதும், போய்ட்டு மத்ததைப் பார்த்துக்கலாம்"னு சில ஏஜென்ட்கள் சொல்வாங்க. பி1 வச்சுக்கிட்டுப் போக வழி இருக்கிறது உண்மைதான். ஆனா முழு அங்கீகாரம் வர்ற வரைக்கும் உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். ஷிஃப்ட் முடிஞ்சு களைச்சுப்போய் வந்து பி2 படிக்கிறது, இங்கே படிக்கிறதை விடக் கஷ்டம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

2008இல் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வார இறுதி டியூட்டிக்கு வந்த ஒரு டாக்டர், 70 வயசு நோயாளிக்கு வலி மருந்தை 10 மடங்கு அதிகமா கொடுத்துட்டார். அவர் இறந்துட்டார். ஆங்கிலம் போதாதுன்னு ஒரு பகுதி நிர்வாகம் அந்த டாக்டரை ஏற்கெனவே நிராகரிச்சிருந்தது. இன்னொரு பகுதி சேர்த்துக்கிட்டது. மொழி மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, அந்த மருந்தும் அவருக்குப் பழக்கமில்லாதது. ஆனா அதுக்கப்புறம் எழுந்த கேள்விகளால, 2014இல் ஐரோப்பிய டாக்டர்களோட ஆங்கிலத்தையும் சோதிக்கிற அதிகாரம் அங்கே மருத்துவ கவுன்சிலுக்கு வந்தது.

அதனால இந்த மார்க்கை விசாவுக்கான சடங்கா நினைக்காதீங்க. உங்க கையில ஒரு உயிர் இருக்கு.

மார்க் வேற, வார்டு வேற

7 பேண்ட் வாங்கினவங்களும் வார்டுல முதல் வாரம் திணறுறாங்க. இங்கிலாந்துல ஒரு பாட்டி "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி"ன்னு சொன்னா, காசு செலவு பண்ணணும்னு அர்த்தம் இல்ல. பாத்ரூம் போகணும்! ஜெர்மன்ல "மிர் இஸ்ட் ஷ்லெக்ட்"னா, வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா "எனக்கு மோசம்". உண்மையில குமட்டுதுன்னு சொல்றாங்க.

இன்னொரு பழக்கத்தையும் மாத்தணும். இங்கே மாத்திரையைக் கொடுத்துட்டு "புரிஞ்சுதா?"ன்னு கேட்போம், நோயாளி தலையாட்டுவார், முடிஞ்சுது. அங்கே "வீட்டுக்குப் போனதும் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க"ன்னு அவர் வாயாலேயே கேட்டு உறுதி பண்ணணும். ஷிஃப்ட் மாறும்போது இப்போ என்ன நிலை, பின்னணி என்ன, உங்க மதிப்பீடு என்ன, என்ன செய்யணும்னு வரிசையா சொல்லணும். ஓஇடி பேச்சுத் தேர்வுலயும் இலக்கணத்தோட சேர்த்து, நோயாளிகிட்ட எப்படிப் பேசுறீங்கங்கிறதுக்கும் மதிப்பெண் இருக்கு. இதை இன்னைக்கே உங்க வார்டுல தமிழ்லயே பழகலாம். காசு செலவே இல்ல.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி 5 விஷயம்

1. வேலையை விடாதீங்க. 6 மாசம் வீட்டுல உட்கார்ந்து படிச்சா 1,20,000 ரூபாய் சம்பளம் போகும், அனுபவத்துலயும் இடைவெளி விழும். தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க.

2. முதல்ல மாதிரித் தேர்வு. தொடர்ந்து 3 தடவை தேவையான மார்க் வந்த பிறகு உண்மையான தேர்வுக்குக் கட்டுங்க.

3. காலாவதி தேதியைக் கவனிங்க. என்எம்சிக்கு 2 வருஷத்துக்குள்ள வாங்கின ரிசல்ட் வேணும். பிரிட்டன்ல வெளிநாட்டு நர்ஸ்களை எடுக்கிறது இப்போ ரொம்பக் குறைஞ்சிருக்கு. வேலை வாய்ப்பைப் பார்த்துட்டு தேதி போடுங்க. ஒரு பகுதியில மட்டும் மார்க் குறைஞ்சா, 12 மாசத்துக்குள்ள எழுதின ரெண்டு தேர்வு ரிசல்ட்டைச் சில நிபந்தனைகளோட சேர்த்துக் காட்டலாம்.

4. ஏஜென்ட்டைச் சரிபாருங்க. இந்திய விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமா வாங்கலாம். இ-மைக்ரேட் தளத்துல அவங்க பேர் இருக்கான்னு பாருங்க. பிரிட்டன் வேலைக்கு அந்த நாட்டு நெறிமுறைப்படி உங்ககிட்ட ஆளெடுப்புக் கட்டணமே வாங்கக்கூடாது. சென்னையில தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்லயும் விசாரிங்க. "பி கிரேடு கேரண்டி"ன்னு யாராவது சொன்னா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

5. "இலவச மொழிப் பயிற்சி"ன்னா ஒப்பந்தத்தைப் படிங்க. பாதியில விட்டா எவ்வளவு திருப்பிக் கட்டணும், எத்தனை வருஷம் வேலை மாற முடியாது, இந்த ரெண்டு வரியையும் கண்டுபிடிச்ச பிறகுதான் கையெழுத்து.

நகையை அடகு வச்சு ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற 3 லட்சத்தை விட, மொழிக்குக் கொடுக்கிற 10 மாசம் பாதுகாப்பான முதலீடு. ஏஜென்ட் ஓடிப்போகலாம், அந்த நாடு விதியை மாத்தலாம். நீங்க கத்துக்கிட்ட மொழி உங்களோடதான் இருக்கும்.

இந்தக் கணக்கை உங்க சொந்தச் சம்பளத்தை வச்சு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. நம்ம சேனல்ல இதை வீடியோவாவும் விளக்கியிருக்கோம். உங்க நர்ஸ் ஃப்ரெண்டுக்கு ஷேர் பண்ணுங்க.