சிங்கம், பொட்டரிப்பு, இறக்கை: எபிரேய வேதத்தில் இறைவனுக்குச் சொல்லப்பட்ட உவமைகள்

பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய தமிழ் வேதாகமம் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அறபு படிப்பிக்கிற எனக்கு அதில் என்ன வேலை என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். போன மாதம் வீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓசியாவின் பக்கத்தில் விரலை வைத்து, "இதென்ன சேர், படைச்சவனப் போய் சிங்கம் என்டும் கரடி என்டும் எழுதி வச்சிருக்கு? இதுக்கும் ஸாமிரிட கண்டுக்குட்டிக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். கோபத்தில் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்விதான். அந்த வேதத்துக்குள்ளேயே ஓடித் திரிகிற கேள்வி அது.

ஓசியா கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரேல் இராச்சியத்தில் பேசியவர். அசீரியர் சமாரியாவை வீழ்த்திய கி.மு. 722க்குச் சற்று முந்திய காலம். 14 அதிகாரங்கள் கொண்ட சிறிய நூல். அதற்குள் இறைவன் தன் மக்கள்மேல் சிங்கம் போல, சிறுத்தை போல, குட்டிகளைப் பறிகொடுத்த கரடி போல வருவதாகப் பேசுகிறான். சிறுத்தைக்கு எபிரேயத்தில் 'நாமேர்', அறபில் 'நமிர்'. கரடி அங்கே 'தோவ்', இங்கே 'துப்'. குட்டியை இழந்த கரடிக்கு ஓசியா போடும் 'ஷக்கூல்' என்ற சொல்லும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயை அறபியர் சொல்லும் 'ஸக்லா'வும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

என்னைத் திடுக்கிட வைத்தது இவை எதுவுமல்ல, 5ஆம் அதிகாரத்தில் வரும் பூச்சிதான். உடுப்பை அரிக்கிற அந்துப்பூச்சி. தமிழ் வேதாகமம் 'பொட்டரிப்பு' என்று போட்டிருக்கிறது. எப்பிராயீமுக்கு இறைவன் அப்படி இருப்பானாம். சிங்கம் கர்ச்சித்துக்கொண்டு வரும், ஓடவாவது பார்க்கலாம். பொட்டரிப்பு பெட்டிக்குள்ளே சத்தமில்லாமல் கிடந்து அரிக்கும். உடுப்பை எடுத்து உதறும்போதுதான் தெரியும். ஒரு அரசு உள்ளுக்குள் உளுத்துப் போவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. கொசுவை வைத்துக்கூட உதாரணம் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று ஸூரதுல் பகரா 26ஆம் வசனம் சொல்வது நமக்குத் தெரியும். ஆனால் அங்கே கொசு அல்லாஹ்வுக்கு உவமையல்ல. வித்தியாசத்தை மறைக்கக்கூடாது.

இனிக் கன்றுக்கு வருவோம். அறபில் 'இஜ்ல்', எபிரேயத்தில் 'ஏகெல்'. தவ்றாத்தின் இன்றைய பிரதி அதைச் செய்தவராக ஹாரூன் (அலை) அவர்களையே சொல்கிறது. அல்குர்ஆன் ஸாமிரியைச் சொல்லி அவரை விடுவிக்கிறது. கதை அத்தோடு முடியவில்லை. பிற்காலத்தில் வட இராச்சியத்தின் முதல் அரசன் யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் இரண்டு பொற்கன்றுகளை வைத்து, உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தவை இவைதான் என்று மக்களிடம் சொன்னான். சனம் ஜெரூசலத்துக்குப் போகாமல் தடுக்கிற அரசியல் அது.

காளை அந்த நாட்டுக்குப் புதிதல்ல. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்த உகாரித் களிமண் ஏடுகளில் 'ஈல்' என்ற கனானியத் தலைமைத் தெய்வத்துக்குக் 'காளை' என்பதே பட்டம். மேற்குக் கரையின் வடக்கே, தோத்தானுக்கு அருகில், 1978இல் சுமார் 18 சென்ரிமீற்றர் நீளமான வெண்கலக் காளையொன்று அகப்பட்டது. ஏறத்தாழ கி.மு. 1200ஐச் சேர்ந்தது என்கிறார்கள். வைத்து வணங்கியவர்கள் யார் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. தவ்றாத்திலும் ஒரு தடயம் உண்டு. எண்ணாகமம் 23இல், எகிப்திலிருந்து மீட்ட இறைவனைப் பற்றிய பேச்சில் 'ரெஏம்' என்ற காட்டெருதின் கொம்பு வருகிறது. தமிழில் அது 'காண்டாமிருகம்' ஆகிவிட்டது. பலஸ்தீனத்தில் காண்டாமிருகத்துக்கு எங்கே போவது?

ஓசியா இதையெல்லாம் தெரிந்தே பேசுகிறார் என்பது என் எண்ணம். 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கன்றுகளை முத்தமிடும் மனிதர்களைப் பழிக்கிறார். ஐந்தாறு வசனம் தாண்டினால் சிங்கமும் கரடியும் வந்துவிடுகின்றன. இறைவனைச் சொல்லும்போது காளையை அவர் தொடவே இல்லை. மாட்டை மக்கள் பக்கம் தள்ளிவிடுகிறார், இஸ்ரேல்தான் அடங்காத பசு. கன்றை வார்க்கலாம், தங்கம் பூசலாம், கோயிலில் கட்டிவைக்கலாம். குட்டியை இழந்த கரடியை யார் கட்டிவைக்கிறது? போதாததற்குப் 'போல' என்பதையும் அவர் விடவில்லை. அந்த எபிரேய 'கெ' நம்முடைய அறபு 'காஃப்' எழுத்தேதான். அவனுக்கு ஒப்பானது எதுவுமில்லை என்ற அஷ்ஷூறா 11ஆம் வசனத்திலும் அதே காஃப் இருக்கிறது, ஒப்புமையை மறுப்பதற்காக. நாம் ஹம்ஸா (ரழி) அவர்களை 'அஸதுல்லாஹ்' என்போம். நமக்குச் சிங்கம் அடியான், அவ்வளவுதான்.

பறவை விஷயம் வேறு. உபாகமம் 32இல் இறைவன் கூட்டைக் கலைத்துக் குஞ்சுகள்மேல் அசைந்தாடும் 'நெஷெர்' போல வருகிறான். தமிழில் கழுகு. மீகா அதன் தலையை மொட்டை என்கிறபடியால், பிணந்தின்னிக் கழுகாகத்தான் இருக்கவேண்டும். அறபில் 'நஸ்ர்'. நூஹ் (அலை) அவர்களின் கூட்டம் வணங்கிய சிலைகளில் ஒன்றுக்கும் அதே பெயர்.

சங்கீதங்களிலோ பறவையே காணாமல் போய் இறக்கை மட்டும் மிஞ்சுகிறது. அவனுடைய இறக்கை நிழலில் ஒதுங்குவது என்று திரும்பத் திரும்ப வரும். ரூத் என்ற அந்நியப் பெண்ணும் அந்த இறக்கையின் கீழ் அடைக்கலம் தேடி வந்தவளாகவே சொல்லப்படுகிறாள். எபிரேயச் சொல் 'கானாஃப்'. இறக்கை என்றும் உடுப்பின் ஓரம் என்றும் அதற்குப் பொருள். கெய்ரோவில் வாழ்ந்து 1204இல் காலமான யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், தன் 'தலாலதுல் ஹாயிரீன்' நூலில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். அந்த நூலை அவர் எழுதியது அறபு மொழியில். இறைவனுக்கு உடலில்லை, ஆகவே இங்கே கானாஃப் என்றால் மறைத்தல், காத்தல்தான் என்று வாதிட்டார். ஸ்பெயினின் எபிரேய இலக்கண அறிஞர் இப்னு ஜனாஹ் காட்டிய அறபு வழக்கு அதற்கு அவருக்குக் கைகொடுத்தது.

இந்த இடத்தில் மாணவரை நிறுத்தி, இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸை ஞாபகப்படுத்தினேன். மறுமையில் அல்லாஹ் முஃமினை அருகில் எடுத்து, அவர்மேல் தன் 'கனஃபை' வைத்து மறைத்து, பாவங்களை அவருக்கு மட்டும் சொல்லிக்காட்டி மன்னிப்பான் என்று புஹாரியில் வருவது. அந்தக் கனஃபைத் திரை, மறைப்பு என்று நம் அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

"அப்ப அது அவங்கட சொல்லா, எங்கட சொல்லா சேர்?"

"ரெண்டு பேருக்கும் சொந்தம் தம்பி. மொழிக் குடும்பம் ஒன்டுதானே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ரூத் எந்தப் பக்கத்தில் கிடக்கு என்று கேட்டு, துண்டொன்றில் குறித்துக்கொண்டு போனார்.