பெயருண்டு, உயிர் வேண்டும்

நிகண்டு கற்ற என் மாணவர், சங்கின் பெயரைக் கேட்டவுடன் வளை, நந்து, கோடு, பணிலம் என அடுக்கிச் சொல்வர். ஆயின், அச்சங்கு எங்கு வாழ்வது, யாதுண்பது, எவ்வாறு பெருகுவது என வினவினால் வகுப்பு மௌனமாகிவிடும். குழவிக்குப் பாலூட்டவும் இறுதிக்கடனில் ஊதவும் சங்கைக் கைக்கொண்ட நாம், அதனை ஓர் உயிராக எண்ணுவது அரிதாகிவிட்டது.

மன்னார் முதல் யாழ்ப்பாணம் வரையுள்ள ஆழங்குறைந்த கடலில், மணலிற் புதைந்து, புழுக்களையுண்டு வாழ்வது சங்கு. தாய்ச்சங்கு, ஆட்டுக்கொம்புபோல் முறுகிய முட்டைக்கூட்டினை மணலில் ஊன்றிவைக்கும். 1914ஆம் ஆண்டில் சங்கைப்பற்றித் தனிநூல் வெளியிட்ட ஜேம்ஸ் ஹோர்னெல் இதனை ஆராய்ந்தவருள் ஒருவர். முத்துச்சிப்பியின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து தொலைவிலும் குடியேறும். சங்கின் குஞ்சோ சிறு சங்காகவே வெளிவந்து, பிறந்த மணலிலேயே ஊர்ந்து வளரும். ஆதலின் ஓரிடத்துச் சங்கு முற்றாக வாரப்பட்டால், அவ்விடத்தை நிரப்ப அயலிலிருந்து எளிதில் வருவாரிலர்.

வங்காள மணமகளிரின் வளையலுக்காக நம் கடற்சங்கு நெடுங்காலமாக ஏற்றுமதியாகின்றது. முன்னாளிற் சங்கு குளிப்போனின் மூச்சே அவன் வேட்டைக்கு எல்லை வகுத்தது. இன்று காற்றுக்கலத்தை முதுகிற் கட்டி மூழ்குவோர்க்கு அவ்வெல்லை இல்லை. அடிமணலை வாரிச்செல்லும் இழுவைமடியோ முட்டைக்கூட்டையும் விடுவதில்லை. அத்தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. குறுக்களவு 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கை எடுத்தலாகாதென்றும் விதியுண்டு. ஆயினும் விதி ஏட்டிலிருந்தால் மட்டும் கடல் நிரம்பாது.

‘சங்கை எடாதீர் என்றால் குளிப்போன் வீட்டில் உலை கொதிப்பது எங்ஙனம்?’ என்பீர். நியாயமே. எடுப்பதை ஒழிக்குமாறு நான் கூறவில்லை; இளஞ்சங்கையும் முட்டையையும் விட்டுவைக்குமாறே வேண்டுகின்றேன். நாளைய உலைக்கும் அதுவே அரிசி.

வலம்புரியைப் பொன்போற் போற்றுவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். வலம்புரி வேறு குலத்ததன்று. இடம்புரிக் கூட்டத்துள் அரிதாய்த் தோன்றுவதே அது. இடம்புரி அழிந்தபின் வலம்புரி எங்கிருந்து பிறக்கும்?

ஆசிரியர்களே, நிகண்டைக் கற்பிக்கும் நாளில் முட்டைக்கூட்டின் கதையையும் சொல்லுங்கள். வாங்குவோரே, கைக்கடங்கும் சிறு சங்கை மறுத்துவிடுங்கள். உயிர் மறைந்தபின் எஞ்சும் பெயர், மாணவர்க்குச் சுமையன்றி வேறில்லை.