உங்களுக்குத் தெரியுமா? பார்லர் வேலையும் உடல்நலமும்

● தலைக்கு டை அடிக்க மாதம் ஒருமுறை பார்லர் போகிறோம். அடித்துவிடுபவருக்கோ அதுவே தினசரி வேலை. முடிதிருத்தும், சிகையலங்காரத் தொழிலைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. டை போட்டுக்கொள்பவர் விஷயத்தில், முடிவு சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. டை ஒன்றுதான், அதோடு புழங்கும் நேரம்தான் வேறு.

● 1975இல் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸின் குழு, கடைகளில் விற்ற 169 வகை டைகளைப் பாக்டீரியாவில் சோதித்தது. 150 வகைகள் மரபணுவில் மாற்றம் உண்டாக்கின. அதன்பிறகு பல நிறுவனங்கள் டையின் சேர்மானத்தையே மாற்றின.

● 2010இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், முடியை நேராக்கும் திரவத்தைப் பயன்படுத்திய பார்லர் பெண்களுக்குக் கண் எரிச்சலும் மூக்கில் ரத்தமும் வந்தன. புட்டியில் ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்றுதான் எழுதியிருந்தது. அரசு ஆய்வகம் சோதித்தபோது சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் இருந்தது!

● திரவத்தில் கரைந்திருக்கும் ஃபார்மால்டிஹைடு, சூடான அயர்ன் பட்டதும் வாயுவாகக் கிளம்பும். முடியிலிருந்து எழும் அந்தப் புகைக்கு நேரே இருப்பது வேலை செய்பவரின் முகம். சாதாரணத் துணி மாஸ்க் தூசியை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறிதான் உதவும்.

● முடியை வெளுக்கும் ப்ளீச் பவுடரில் உள்ள பெர்சல்ஃபேட், ஆஸ்துமாவை வரவழைக்கும். வேலை நாளில் இருமலும் இழுப்பும், லீவு நாளில் நிம்மதி என்றால் அதுதான் அறிகுறி. டாக்டரிடம் போகும்போது என்ன வேலை பார்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

● வெறும் தண்ணீரும் ஷாம்புவும்கூடக் கையைப் பதம் பார்க்கும். நாள் முழுக்கத் தலை அலசுபவர்களுக்கு முதலில் வெடிப்பது விரல் இடுக்குகள். வெடித்த தோல் வழியே ரசாயனம் எளிதாக உள்ளே போகும்.

● டை அடித்த கையுறையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மறுபடி மாட்டுவது சில இடங்களில் வழக்கம். அப்போது டை பட்ட பக்கம் நேராகத் தோலில் ஒட்டுகிறது. கறுப்பு டையில் உள்ள பிபிடி என்ற பொருளுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது.

● காசு செலவில்லாத தற்காப்பு ஒன்று உண்டு: முதலில் முடியை வெட்டிவிட்டு, பிறகு டை அடிப்பது. வரிசை மாறினால், புதுசாக டை ஏறிய ஈர முடியை வெறுங்கையில் பிடித்து வெட்ட வேண்டிவரும்.