வைத்தியர் சொல்லும் ஒரு வார்த்தை

புகைபிடிக்கும் வழக்கமுள்ள ஒருவர் இருமலென்றும் மூச்சிரைப்பென்றும் சொல்லிக்கொண்டு வரும்போது, மாத்திரைக்குச் சீட்டு எழுதுவதிலும் மார்பைப் படமெடுத்துப் பார்ப்பதிலும் யாதொரு குறையும் வைக்காத வைத்தியர்கள் பலர், அந்த உபாதைகளுக்கெல்லாம் மூலகாரணமான வழக்கத்தைப் பற்றி வாய் திறவாமலே நோயாளியை அனுப்பிவிடுகிறார்கள். "சொன்னால் மட்டும் விட்டுவிடப் போகிறாரா?" என்பது அவர்களுடைய அபிப்பிராயம். 2016-17ஆம் ஆண்டில் நம் தேசத்தில் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் வைத்தியரிடம் சென்றிருந்த புகைபிடிப்போரில் சுமார் பாதிப்பேருக்குத்தான் அதை விட்டுவிடும்படி யோசனை கூறப்பட்டிருந்தது.

இந்த அவநம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பதை லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்னும் மனநோய் வைத்தியரும் அவருடைய சகாக்களும் நடத்தி, 1979இல் பிரசுரித்த ஆராய்ச்சி தெளிவாகக் காட்டிற்று. 28 குடும்ப வைத்தியர்களிடம் சிகிச்சைக்கு வந்த 2,138 புகைபிடிப்போரைப் பிரித்து, ஒரு சாராரிடம் எதுவும் சொல்லாமல் விட்டார்கள். இன்னொரு சாராரிடம் ஓரிரு நிமிஷம் எடுத்துச் சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்து, பின்னால் விசாரிப்போம் என்றும் தெரிவித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, முன்னவர்களில் ஆயிரத்துக்கு மூவரும், பின்னவர்களில் நூற்றுக்கு ஐவரும் புகையை அடியோடு நிறுத்தியிருந்தனர். நூற்றுக்கு ஐந்து அற்பமென்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு வைத்தியரும் தம்மிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவிட்டால், வருஷந்தோறும் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் பிழைக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

சொல் ஆரம்பந்தான், அதற்குமேல் சகாயமும் வேண்டும். புகையை உள்ளிழுத்த சில விநாடிகளுக்குள் நிகோட்டின் மூளையை எட்டி அங்கே ஒரு திருப்தியை உண்டாக்குகிறது. நாளடைவில் மூளை அதற்கே பழகிப்போய், அது கிடைக்காத வேளையில் எரிச்சலும், படபடப்பும், தூக்கமின்மையும், எதிலும் மனம் ஒட்டாமையும் தோன்றுகின்றன. இந்தத் துன்பம் முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிகிறது. இதை முன்கூட்டியே அறியாத நோயாளி, மூன்றாம் நாள் தம் மனைவி மக்கள்மீது எரிந்துவிழுந்துவிட்டு, "எனக்கு மனவுறுதி இல்லை" என்று தம்மையே நிந்தித்துக்கொண்டு மறுபடியும் பெட்டிக்கடைக்குப் போய்விடுகிறார். அது தேகத்தின் இயல்பேயன்றி ஒழுக்கக்கேடன்று என்று அவருக்கு விளக்குவது வைத்தியருடைய கடமை.

அனுபவமுள்ள வைத்தியர் முதலில் கேட்பது, "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடியைப் பற்றவைக்கிறீர்கள்?" என்பதுதான். அரைமணிக்குள் என்றால் பிடிப்பு பலமானது. வெறும் உபதேசம் போதாது. அத்தகையோருக்காகவே சுவீடனில் ஓவே ஃபெர்னோ என்ற இரசாயன நிபுணர் நிகோட்டின் சூயிங்கத்தை உருவாக்கினார். மிட்டாய்க் கடையில் வாங்கும் சூயிங்கத்தைப்போல் அதை ஓயாமல் மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலுமே மிஞ்சும். சிறிது மென்று, காரம் ஏறியதும் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியபின் மறுபடி மெல்லவேண்டும். மெல்லுவதற்குச் சற்று முன்பும் மெல்லும்போதும் காப்பி குடித்தால், மருந்து வாயில் சரியாகச் சேராது. இதைச் சொல்லித்தராமல் கொடுத்துவிட்டு, "பிரயோஜனமில்லை" என்று நோயாளி திரும்பி வந்தால், குற்றம் மருந்தினுடையதன்று. வாரெனிக்ளின் என்னும் மாத்திரையும் உண்டு. புகையை நிறுத்தக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே, வைத்தியர் மேற்பார்வையில் தொடங்கி, வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் உட்கொள்ளவேண்டும்.

மாரடைப்பினால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் மனம் இளகியிருக்கும் சமயம் கிடைத்தற்கரியது. எனினும் படுக்கையருகில் வாங்கிய வாக்குறுதி, வீடு திரும்பியபின் டீக்கடை வாசலில் நிற்பதில்லை. ஆகையால் குறைந்தது ஒரு மாதமாவது தொலைபேசியிலேனும் விசாரித்துக்கொண்டிருந்தாலன்றி முழுப்பயன் விளையாது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பெரும்பாலோர் பலமுறை முயன்றபிறகே வெற்றி பெறுகின்றனர். தவறியவரைக் கடிந்துகொள்ளும் வைத்தியரிடம் அவர் அடுத்தமுறை உண்மையைச் சொல்லமாட்டார்.

"இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் விடை உண்டு. பிரிட்டிஷ் வைத்தியர்களையே 1951 முதல் அரை நூற்றாண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர், புகைபிடிப்போர் ஏனையோரைவிடச் சராசரி பத்தாண்டு முன்னதாக இறப்பதையும், அறுபது வயதில் நிறுத்தியவர் சுமார் மூன்றாண்டையும், ஐம்பதில் நிறுத்தியவர் ஆறாண்டையும், நாற்பதில் நிறுத்தியவர் ஒன்பதாண்டையும் மீட்டுக்கொள்வதையும் கண்டனர்.

விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை கூற, 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை மத்திய சர்க்கார் ஏற்படுத்தியிருக்கிறது. உங்கள் வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால், அவரைக் கண்டிப்பதை நிறுத்திவிட்டு, அந்த எண்ணை அழைக்கும்போது அருகில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.