பரிந்துரைப் பட்டியலும் மதிப்புரையும்: ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' காட்டும் வெகுசன வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' புதினத்தில் ஒரு தோழி மற்றொரு தோழிக்கு ஏழு திகில் புதினங்களைப் பரிந்துரைக்கிறாள். ஆசிரியர் கேலிக்காகப் புனைந்தவை எனப் பலரால் கருதப்பட்ட அப்பெயர்கள் உண்மையில் அச்சான நூல்களைக் குறிப்பன. அப்பட்டியலில் அடங்கிய கதைவகைகளையும், அக்கால மதிப்புரையினின்று அது வேறுபடும் விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. வாசகர் பரிந்துரையை இலக்கிய வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கோதிக் புதினம், பரிந்துரை, மதிப்புரை, வாடகை நூலகம், உண்மைக் குற்றக் கதை, வெகுசன வாசிப்பு.

முன்னுரை

கொலை, மர்மம், காதல், பாழடைந்த மாளிகை ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட புதினங்களை வாசகர் பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டே எடுத்துப் படிக்கின்றனர். அச்சொல் பேச்சோடு மறைந்துவிடுகிறது. இதழில் வெளியான மதிப்புரையோ நூலகத்தில் நிலைத்து நிற்கிறது. ஆகவே, பின்வரும் ஆய்வாளர் மதிப்புரையாளரின் தீர்ப்பையே அக்கால வாசகரின் தீர்ப்பாகவும் கொள்ள நேர்கிறது. பேச்சோடு மறையவேண்டிய பரிந்துரை ஒன்று புதினத்திற்குள் பதிவாகி நிலைபெற்ற அரிய நேர்வாக 'நார்த்தாங்கர் அபி' அமைகிறது.

பட்டியல் இடம்பெறும் சூழல்

1790களின் இறுதியில் எழுதப்பட்ட இப்புதினம், 1803இல் 'சூசன்' என்னும் பெயரில் லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு 10 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அவர் அதனை அச்சிடவில்லை. 1816இல் கைப்படி மீட்கப்பட்டது. 1817 ஜூலையில் ஆஸ்டின் மறைந்தபின், அவ்வாண்டு டிசம்பரில் நூல் வெளிவந்தது.

கதைத்தலைவி கேத்தரின் மார்லண்ட் 17 வயதினள். பாத் நகருக்கு வந்த இடத்தில் இசபெல்லா தார்ப் என்பவளின் நட்பைப் பெறுகிறாள். அப்போது ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோவின் மர்மங்கள்' (1794) நூலைப் படித்துக்கொண்டிருக்கும் அவளுக்கு, அடுத்துப் படிக்கவேண்டிய நூல்களை இசபெல்லா ஆறாம் இயலில் பட்டியலிடுகிறாள். அவை அனைத்தும் உறுதியாகத் திகிலூட்டுவனவா என்பதே கேத்தரினின் ஒரே வினா. அவற்றை எல்லாம் படித்துவிட்ட வேறொரு தோழியின் சான்றை இசபெல்லா விடையாகத் தருகிறாள். நூலின் நயம், நீதி, நடை பற்றி இருவரும் பேசவில்லை. படிப்போர் மனத்தில் நூல் எழுப்பும் விளைவு ஒன்றே அளவுகோலாகிறது.

ஏழு நூல்களும் நான்கு வகைகளும்

பட்டியலிலுள்ள நூல்கள் வருமாறு (பெயர்கள் தமிழாக்கித் தரப்படுகின்றன): எலைசா பார்சன்ஸின் 'வுல்ஃபன்பாக் கோட்டை' (1793), 'மர்ம எச்சரிக்கை' (1796), ரெஜினா மரியா ரோச்சின் 'கிளெர்மாண்ட்' (1798), எலினர் ஸ்லீத்தின் 'ரைன் நதிக்கரை அநாதை' (1798), ஃபிரான்சிஸ் லேதமின் 'நள்ளிரவு மணி' (1798), ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட 'மாந்திரிகன்' (1794), 'கொடூர மர்மங்கள்' (1796).

இவற்றுள் 'நள்ளிரவு மணி' நீங்கலான ஆறும் வில்லியம் லேன் நடத்திய மினர்வா அச்சகத்தின் வெளியீடுகள். லேன் பதிப்பாளராகவும் வாடகை நூலக உரிமையாளராகவும் விளங்கினார். விலைகொடுத்து நூல் வாங்க இயலாதோரும் சந்தா செலுத்திப் புதினங்களை எடுத்துப் படிக்க இத்தகைய நூலகங்கள் வழிசெய்தன. ஒன்றைப் படித்து முடித்தவர் அதுபோன்ற மற்றொன்றைத் தேடும் இச்சூழலே பரிந்துரைப் பட்டியலுக்குத் தேவையை உண்டாக்கியது.

மேலோட்டமாக ஒரே வகையின எனத் தோன்றும் இந்நூல்கள் இன்று நாம் தனித்தனியே பிரிக்கும் வகைகளைத் தம்முள் கொண்டுள்ளன. 'கிளெர்மாண்ட்', 'ரைன் நதிக்கரை அநாதை' ஆகியன ராட்கிளிஃபின் வழியில் காதலையும் அச்சத்தையும் இணைப்பன. 'வுல்ஃபன்பாக் கோட்டை' கோதிக் மரபின் பாழ்மாளிகையைக் களமாக்குகிறது. 'கொடூர மர்மங்கள்' இரகசியச் சங்கமொன்றின் சதிவலையில் சிக்கியவனின் வரலாறாக, இற்றைப் பரபரப்புப் புதினத்தின் முன்னோடியாகிறது.

'மாந்திரிகன்' தனிக் கவனத்திற்குரியது. அதன் தலைப்புப் பக்கமே உண்மை நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டது என அறிவிக்கிறது. 'நள்ளிரவு மணி'யும் இத்தகைய உறுதியை அளிக்கிறது. திரைப்பட விளம்பரங்களில் நாம் காணும் இவ்வுத்தி 200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. பெரும்பாலும் அது விற்பனைத் தந்திரமே. எனினும், 'மாந்திரிகன்' ஆங்கில வடிவத்தினுள் ஜெர்மன் கவிஞர் ஷில்லர் 1786இல் வெளியிட்ட குற்றக் கதையொன்று ஆசிரியர் பெயர் சுட்டாமல் சேர்க்கப்பட்டுள்ளது. அக்கதை, 1760இல் மரண தண்டனை பெற்ற ஃபிரெட்ரிக் ஷ்வான் என்னும் கொள்ளையனின் வாழ்வைத் தழுவியது. சமூகத்தின் புறக்கணிப்பு ஒருவனை எவ்வாறு குற்றவாளியாக்குகிறது என ஷில்லர் அதில் ஆராய்ந்தார். ஆகவே, மாந்திரிகத் திகிலைத் தேடிச்சென்ற வாடகை நூலக வாசகர், தாம் அறியாமலே உண்மைக் குற்றக் கதையொன்றையும் படித்தனர்.

மதிப்புரையாளரும் பரிந்துரைப்போரும்

அக்கால மதிப்புரையின் போக்கினைக் கோல்ரிட்ஜின் கட்டுரை ஒன்றால் அறியலாம். மேத்யூ லூயிஸின் 'துறவி' புதினத்தை 1797 பிப்ரவரியில் 'கிரிட்டிக்கல் ரிவியூ' இதழில் மதிப்பிட்ட அவர், ஆசிரியரின் ஆற்றலை ஒப்புக்கொள்கிறார். ஆயினும் மகனோ மகளோ கையில் வைத்திருக்கக் கண்டால் பெற்றோர் அஞ்சத்தக்க நூல் அது என எச்சரிக்கிறார். யார் படிக்கலாகாது என்பதை மதிப்புரை வரையறுக்கிறது. யார் விரும்பிப் படிப்பர் என்பதைப் பரிந்துரை காட்டுகிறது.

ஆஸ்டின் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர். ஐந்தாம் இயலில் கதைசொல்லி, புதினங்களை இழித்துரைக்கும் மதிப்புரையாளரை வெளிப்படையாகவே சாடுகிறார். அதேவேளை, பரிந்துரைப்போர் அனைவரையும் ஆஸ்டின் நம்பத்தகுந்தவராகக் காட்டவில்லை. இசபெல்லா பிறர் கருத்தைத் தன் கருத்தாக்குகிறாள். அவள் தமையன் ஜான், புதினம் என்றாலே வெறுப்பதாகக் கூறுகிறான். 'உடால்ஃபோ' ராட்கிளிஃபின் நூல் என்பதே அவனுக்குத் தெரியாது. ஹென்றி டில்னி மட்டுமே ராட்கிளிஃபின் நூல்கள் அனைத்தையும் தாம் படித்ததையும், அவற்றுள் பெரும்பாலானவற்றை மகிழ்ந்து படித்ததையும் நாணமின்றிச் சொல்கிறார். நூலை முழுதும் படித்திருத்தல், பெற்ற இன்பத்தை மறையாது உரைத்தல் ஆகிய இரண்டுமே நல்ல பரிந்துரையின் தகுதிகள் என்பது இப்பாத்திரங்களின் வழிப் புலனாகிறது.

திகில் வாசிப்பு கேத்தரினை வழிதவறச் செய்வதும் உண்மையே. மாளிகைப் பேழையில் கண்டெடுத்த மர்மத் தாள்கள் காலையில் வெறும் சலவைக் கணக்காக முடிகின்றன. ஜெனரல் டில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்ற ஐயமும் பொய்க்கிறது. ஆனால் அதே ஜெனரல், அவள் செல்வமற்றவள் என அறிந்ததும் துணையின்றி அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். அவள் கற்பனை செய்த குற்றம் நிகழவில்லை. அவள் உணர்ந்த கொடுமை அம்மனிதரிடம் இருந்தது. எனவே இப்புதினத்தைத் திகில் கதைகளின் மீதான கேலி என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

பட்டியல் மீண்ட வரலாறு

ஆஸ்டினின் புகழ் பெருகப் பெருக, அவர் சுட்டிய ஏழு நூல்களும் மறக்கப்பட்டன. அவை கற்பனைப் பெயர்கள் என்ற எண்ணம் பரவியது. மைக்கேல் சாட்லியர் 1927இல் வெளியிட்ட ஆய்வுரை, ஏழும் உண்மை நூல்கள் எனவும், கோதிக் புனைவின் பல்வேறு போக்குகளுக்கு எடுத்துக்காட்டாக அமைபவை எனவும் விளக்கியது. இதற்கான குறிப்பு ஆஸ்டினின் கடிதத்திலேயே உள்ளது. தம் தந்தை நூலகத்திலிருந்து பெற்ற 'நள்ளிரவு மணி'யைப் படித்துக்கொண்டிருப்பதாக 1798 அக்டோபரில் அவர் எழுதியுள்ளார். இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய கோதிக் ஆய்வாளர் தேவேந்திர வர்மாவின் முயற்சியால் ஏழு நூல்களும் 1968இல் ஒரே வரிசையாக மறுபதிப்புப் பெற்றன. மதிப்புரைகளால் காக்கப்படாத நூல்களை இரு தோழியர் உரையாடல் மீட்டளித்தது எனலாம்.

தமிழ் ஆய்வுக்கான பயன்

இம்மரபு தமிழுக்குத் தொடர்பற்றதன்று. கோதிக் திகிலை நகரக் குற்றத்தோடு இணைத்து எழுதிய ரெயினால்ட்ஸின் புதினங்களை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகளும் அக்காலத்தே பெருவரவேற்பைப் பெற்றன. இவற்றின் இலக்கியத் தகுதி பற்றிய விவாதங்கள் அச்சில் உள்ளன. இவற்றை யார், எதன்பொருட்டு, யார் சொல்லிப் படித்தனர் என்பதற்கான சான்றுகளை நூல்களின் பின்னட்டை விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள், நூலகப் பதிவேடுகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றில் தேடுதல் வேண்டும். இவை எளிதில் அழியும் தன்மையன. ஆதலின் இத்தேடல் காலத்தாழ்வைத் தாங்காது.

முடிவுரை

மதிப்புரை ஒரு நூலின் தகுதியை ஆராய்கிறது. பரிந்துரை அந்நூல் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்ற வழியைப் பதிவுசெய்கிறது. இசபெல்லாவின் பட்டியல் தேர்ந்த திறனாய்வு அன்று. அவள் அந்நூல்களைப் படித்தாள் என்பதற்கும் உறுதியில்லை. ஆயினும், 1790களின் வாசகர் காதல், திகில், சதி, குற்றம் ஆகியவற்றை ஒரே தட்டில் வைத்துச் சுவைத்தனர் என்பதை அக்கால மதிப்புரைகளைவிட அது தெளிவாக உணர்த்துகிறது. வெகுசன இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் இவ்விருவகைச் சான்றுகளையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாதது.