ஓட்டு நேரத்தில் கூத்து நடத்தலாமா? போலீஸ் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

கர்ண மோட்சம் கூத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பந்தல்காரருக்கும் சொல்லியாச்சு. அந்த நேரம் பார்த்து தேர்தல் தேதி அறிவிப்பு வருகிறது. "நடத்தை விதி வந்துடுச்சு, கூத்து கீத்து எல்லாம் கிடையாது" என்று ஊரில் யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், நிகழ்ச்சி ரத்து. வேஷக்காரர்களுக்கு ஒரு ராத்திரி கூலி போச்சு.

குத்தம்பாக்கம், நேமம், வெள்ளவேடு, திருமழிசை வட்டாரத்தில் கர்ண மோட்சம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. இறந்தவருக்கு பதினாறாம் நாள் காரியத்தில் நடத்துகிற கூத்து அது. ஓட்டு எண்ணி முடிக்கட்டும் என்று காரியத்தைத் தள்ளிப்போட முடியுமா?

உண்மையில் தேர்தல் நேரத்தில் கூத்துக்கோ நாடகத்துக்கோ ஒட்டுமொத்தத் தடை எதுவும் கிடையாது. ஓட்டு கேட்கிற கூத்துக்குத்தான் கட்டுப்பாடு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல ஜமாக்கள் பிழைப்பை இழக்கின்றன.

அக்டோபர் தேர்தல்

தமிழ்நாட்டில் பஞ்சாயத்து தேர்தல் என்றால் பெரும்பாலும் அக்டோபர்தான். 1996, 2001, 2006, 2011 என நான்கு முறையும் அந்த மாதத்தில்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. 2016-லும் அக்டோபர் 17, 19 என்று தேதி குறித்து, வேட்புமனுவும் வாங்கிய பிறகு சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. திருவள்ளூர் மாவட்ட கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. பக்கத்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்தது. 2019-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்.

கூத்து ஜமாக்களுக்கு புரட்டாசி, ஐப்பசி ஏற்கனவே டல் சீசன். பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரவுபதி அம்மன் கோவில் பாரதக் கூத்தில் ஓடி ஓடி சம்பாதிப்பார்கள். மழைக்காலத்தில் கிடைப்பது காரிய வீட்டு கூத்துதான். அதிலும் தேர்தல் வந்து மண்ணைப் போட்டால் என்ன செய்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டசபை, பாராளுமன்றத் தேர்தலுக்கு 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்தின் 126-வது பிரிவு உள்ளது. ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், பாட்டுக்கச்சேரி, நாடகம் அல்லது வேறு கேளிக்கை வைத்து மக்களை இழுத்து தேர்தல் பிரசாரம் செய்யக்கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாடகம் போடுவது குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. பிரசாரத்துக்காகப் போடுவதுதான் குற்றம். காரிய வீட்டில் கர்ணன் சாவதற்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?

உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக நடத்துகிறது, நடத்தை விதியும் தனி. பஞ்சாயத்து தலைவர், வார்டு உறுப்பினர் போட்டியில் கட்சிச் சின்னமே கிடையாது. மாமனும் மச்சானும் எதிரெதிரே நிற்பார்கள். குத்தம்பாக்கம் மாதிரி ஊரில் இது இன்னும் சூடு. 1996-லும் 2001-லும் இளங்கோ ரங்கசாமி தலைவராக ஜெயித்து, கிராம சபையை வைத்தே நாடு முழுக்க பேச வைத்த ஊர் அது. அங்கே பஞ்சாயத்து தலைவர் பதவி சின்ன விஷயம் இல்லை.

காசு யார் கொடுத்தது?

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். "கோவிலுக்கு கூத்து நான் வைக்கிறேன்" என்று வேட்பாளர் முன்வந்தால் அது அவர் தேர்தல் செலவுக் கணக்கில் ஏறும். 2019 தேர்தலில் பஞ்சாயத்து தலைவர் வேட்பாளருக்கு செலவு உச்சவரம்பு 34 ஆயிரம் ரூபாய். வார்டு உறுப்பினருக்கு வெறும் 9 ஆயிரம். ஜமா சம்பளம், பந்தல், மைக் செட் எல்லாம் போட்டுப் பார்த்தால் எவ்வளவு மிஞ்சும்? ஓட்டுக்காக செய்தது என்றால் லஞ்சப் புகாரும் வரும். கோவிலை பிரசார மேடையாக்கக் கூடாது என்ற விதியும் சேர்ந்துகொள்ளும்.

கட்டியக்காரன் வாயும் ஒரு தலைவலி. ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறிவிட்டு ஊர் ரோடு, குடிநீர், ரேஷன் கடை என்று நக்கலடிப்பது அவன் வேலை. பொதுவாகக் கிண்டலடிப்பது கூத்தோடு கூடப் பிறந்தது. ஆனால் குறிப்பிட்ட வேட்பாளர் பெயரையோ சின்னத்தையோ இழுத்தால் அது பிரசாரம் ஆகிவிடும். நல்ல வாத்தியார்கள் முன்னாடியே சொல்லி வைத்துவிடுவார்கள்.

இதில் உயிரும் போயிருக்கிறது. 1989 ஜனவரி 1-ந்தேதி டெல்லி அருகே சாகிபாபாத்தில், நகராட்சித் தேர்தல் நேரத்தில் தொழிலாளர் மத்தியில் தெருநாடகம் போட்டபோது சப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். வயது 34. ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார்.

இங்கே எம்.ஆர்.ராதா காலத்தில் 1954-ல் கொண்டுவந்த நாடகச் சட்டம் போலீசுக்கு பெரிய அதிகாரம் கொடுத்தது. எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில் அதன் முக்கிய பிரிவுகளை சென்னை ஐகோர்ட்டு 2013-ல் ரத்து செய்தது. எனவே அந்தச் சட்டத்தைக் காட்டி வசனத்தைக் கொண்டுவா என்று கேட்க முடியாது. இடத்துக்கும் மைக்குக்கும் அனுமதி வாங்குவது வேறு விஷயம்.

பத்து மணி கணக்கு

ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது தேர்தல் விதி மட்டும் அல்ல. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி வருஷம் முழுக்க இதே கதைதான். மற்ற நாளில் விடிய விடிய கூத்து நடக்கிறது என்றால் யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தேர்தல் நேரத்தில் எதிர்கோஷ்டி ஒரு போன் போட்டாலே போலீஸ் ஜீப் வந்துவிடும்.

எனவே காரியக்காரர்கள் முதலில் போலீஸ் நிலையத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து, ரசீது வாங்கி வைக்க வேண்டும். மனுவில் இன்னார் காரியம், இன்ன கூத்து, செலவு குடும்பத்தாருடையது, அரசியல் பேச்சு இல்லை என்று தெளிவாக எழுதலாம். பந்தலில் கட்சிக் கொடி, வேட்பாளர் படம், "உபயம்" பேனர் எதுவும் கூடாது. வேட்பாளர் துக்கம் கேட்க வந்தால் வரட்டும், மைக்கை மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.

சட்டசபை, பாராளுமன்றத் தேர்தல் நேரத்தில் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும். ஊர் ஊராய் சம்பளம் வாங்கி வரும் வாத்தியார்கள் பேசிய தொகையை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளலாம்.

சாயங்காலம் 6 மணிக்கே மிருதங்கம் தட்டி, கட்டியக்காரன் பேச்சைக் குறைத்தால் 10 மணிக்குள் கர்ணனுக்கு மோட்சம் கொடுத்துவிடலாம். பழைய ஆட்கள் "இது ஒரு கூத்தா" என்று முணுமுணுப்பார்கள். ஆனால் ஜமாவுக்கு சம்பளம் முழுசாக வந்துவிடும்.