இரண்டே வாரத்தில் போன மங்கு!

எனக்கு வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் இரண்டு கன்னங்களிலும், மூக்கின் மேலும் மங்கு விழுந்தது. முதலில் காபிக் கறை மாதிரி லேசாகத்தான் இருந்தது. போகப் போகக் கறுத்துவிட்டது. விசேஷ வீடுகளில், "என்னடி முகமெல்லாம் இப்படி ஆயிடுச்சு? மங்கு விழுந்தா வீட்டுக்கு ஆகாதும்பாங்களே!" என்று கேட்காதவர்கள் இல்லை. அதற்குப் பயந்தே பல கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன்.

ஜாதிக்காயை இழைத்துப் பூசினேன், பலனில்லை. எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப் போட்டதில், தோல் எரிந்து இன்னும் கறுத்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா, "மெடிக்கல்ல இந்த க்ரீமைக் கேளு, பதினஞ்சே நாள்ல போயிடும்" என்று ஒரு ட்யூபைக் காட்டினார். கடைக்காரரும் சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது! எனக்குத் தலைகால் புரியவில்லை. பருவால் அவதிப்பட்ட என் நாத்தனார் மகள், "அத்தை, எனக்கும் வாங்கித் தாங்க" என்றாள். ப்ளஸ் டூ படிக்கும் பெண். நானே என் கையால் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வருடம் ஓடியது. க்ரீமை நிறுத்தினால் நாலே நாளில் முகம் சிவந்து எரியும்; மங்கு முன்னைவிடக் கறுப்பாக வரும். பயந்துபோய் மறுபடி தடவுவேன். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. தாடையில் பூனைமுடி வளர்ந்தது. அந்தப் பெண்ணுக்கோ முகம் முழுக்கப் பரு வெடித்து, "ஸ்கூலுக்கே போக மாட்டேன்" என்று அழுதாள். நாத்தனார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இருவரும் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டதே, "ட்யூபைக் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான். பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாய்ன்! "இது மருந்தும்மா, அழகு க்ரீம் இல்லை. நாங்க எழுதிக் கொடுத்தாலும் சில வாரம்தான். வருஷக்கணக்கில் போட்டால் தோல் மெலிஞ்சு போயிடும்" என்றார். இப்படி ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறதாம்.

மங்கு சாபமும் இல்லை, சனியும் இல்லை என்றார். பிரசவம், கருத்தடை மாத்திரை இவற்றால் உடம்பில் ஹார்மோன் மாறுவதும், வெயிலும்தான் முக்கியக் காரணமாம். அடுப்புச் சூடும் அதை அதிகமாக்குமாம்.

சீட்டில்லாமல் தாராளமாக வாங்கலாம் என்று அவர் சொன்னது ஒன்றுதான்: எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன் ஸ்க்ரீன். இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்தில் தடவ வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடி தடவ வேண்டும். தோல் நிறம் கலந்த சன் ஸ்க்ரீன் மங்குக்கு இன்னும் நல்லதாம். கூடவே குடை. பழைய க்ரீமைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி, தோல் தேறிய பிறகு இரவில் தடவ அஜிலாயிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார்.

எட்டு மாதம் ஆகிறது. எரிச்சல் நின்றுவிட்டது. மங்கு பாதிக்கு மேல் மங்கியிருக்கிறது, முழுசாகப் போகவில்லை. வெயிலில் அசட்டையாக இருந்தால் திரும்பி வரும் என்றும் சொல்லியிருக்கிறார். நாத்தனார் மகள் முகமும் தேறி, இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

சகோதரிகளே, யார் சொன்னாலும் சரி, வாங்கும் முன் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தாலோ, சிவப்புக் கோடு போட்டிருந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே தடவி வருபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். முக்கியமாக, என்னைப் போல அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சை மாவட்டம்.